எண்களும் எரிந்த நகரும்

நகரங்களைத் திட்டமிடும் பணியிற் கணினியின் குரல் நாளுக்கு நாள் ஓங்கி வருகின்றது. எந்த வீதியை அகலமாக்குவது, எந்தப் பேருந்துத் தடத்தைக் குறைப்பது, எந்தக் குடியிருப்பை அகற்றுவது என்னும் வினாக்களுக்கெல்லாம் செயற்கை நுண்ணறிவு விடை கூறும் காலம் வந்துவிட்டது என்று அதனை ஆக்கி விற்கும் நிறுவனங்கள் பறைசாற்றுகின்றன. சீனாவின் ஹாங்சோ நகரில் அலிபாபா நிறுவனம் 2016ஆம் ஆண்டில் 'நகர மூளை' என்ற பெயரில் ஓர் அமைப்பை நிறுவி, போக்குவரத்துச் சமிக்ஞை விளக்குகளை நெறிப்படுத்தும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தது. அதன்பின் 'மூளையுள்ள நகரம்' என்பது பல நாட்டு ஆட்சியாளரின் கனவாயிற்று.

இக்கனவுக்கு ஆதரவாகக் கூறப்படும் வாதம் எளிமையானது. மனிதனுக்கு உறவும் பகையும் உண்டு. அவன் இனம் பார்ப்பான், வர்க்கம் பார்ப்பான், கையூட்டு வாங்குவான். இயந்திரத்துக்கோ இவை எவையும் இல்லை. அது தரவுகளைப் பார்க்கும், கணக்கிடும், நீதியான விடையைத் தரும். கேட்பவர் எவரையும் கவரும் வாதம் இது. ஆயினும் இது புதிய வாதமன்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் உலகின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்று இதே வாதத்தை நம்பித் தன் தீயணைப்பு நிலையங்களைக் கணினியின் கணக்குப்படி மூடிற்று. அதன் விளைவை அறிவோர்க்கு இன்றைய பறைசாற்றலின் உட்பொருளை விளங்கிக்கொள்ளுதல் எளிதாகும்.

கணினிக்கு முன்பே அமெரிக்க நகரங்கள் எண்ணாலும் நிறத்தாலும் பிரிக்கப்பட்டிருந்தன என்பதை முதலில் நினைவுகூரல் வேண்டும். பெருமந்தத்தின்போது 1933இல் நிறுவப்பட்ட வீட்டுக் கடன் நிறுவனம், 1935க்கும் 1940க்கும் இடையில் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் படங்கள் வரைந்தது. கடன் கொடுப்பதற்குச் சிறந்த பகுதிகள் பச்சை, அடுத்தவை நீலம், அதற்கடுத்தவை மஞ்சள், ஆபத்தானவை சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பாகவே தீட்டப்பட்டன. பகுதிகளை மதிப்பிடும் படிவத்திலேயே அங்கு வாழ்வோரின் இனத்தைக் குறிப்பதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. கடன் மறுப்புக்கு இப்படங்கள் எத்துணைக் காரணமாயின என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 1934இல் தோன்றிய கூட்டாட்சி வீடமைப்பு நிருவாகமும் தன் கடன் உத்தரவாத விதிகளில் இதே நோக்கைக் கடைப்பிடித்தது என்பதில் ஐயமில்லை. கடன் கிடையாத இடத்திற் கட்டடம் பழுதுபார்க்கப்படுவதில்லை. பழுதுபாராத கட்டடம் இடிகின்றது. இடிந்ததைக் காட்டி, 'பார்த்தீர்களா, அது ஆபத்தான பகுதிதான்' என்று கூறப்படுகின்றது. மதிப்பீடு தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் இந்த வட்டத்தை நாம் மனங்கொள்ளல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவை அனைத்திலும் இது திரும்பத் திரும்பத் தலைகாட்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், போர்க்களத்துக்கென வளர்க்கப்பட்ட கணக்கியல் முறைகள் நகரத்தை நோக்கித் திரும்பின. அமெரிக்க விமானப் படைக்கான ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி 1948இல் தனி நிறுவனமாகிய றான்ட், குண்டு வீச்சையும் அணுப் போரையும் கணக்கிட்டுப் பழகிய அறிஞர்களைக் கொண்டிருந்தது. 1960களில் அமெரிக்க நகரங்கள் கொதித்தெழுந்தன. வறுமை, இன ஒடுக்குமுறை, வேலையின்மை என்பவற்றால் எழுந்த அக்கொதிப்பை 'முகாமைப் பிரச்சினை' எனக் கண்டோர், அதற்குரிய மருந்தையும் முகாமை அறிவியலிலேயே தேடினர். நியூ யோர்க்கின் நகரபிதா ஜோன் லின்ட்சே தாராண்மைவாதி. கட்சி முதலாளிகளின் தரகு அரசியலை வெறுத்தவர். நகரை அறிவியலால் ஆளலாம் என்று மெய்யாகவே நம்பியவர். அவருடைய ஆட்சியில் 1969இல் நியூ யோர்க் நகர றான்ட் நிறுவனம் உருவாயிற்று. தீயணைப்புப் படையின் தலைவர் ஜோன் ஓஹேகனும் தன் துறையை நவீனப்படுத்த வேட்கை கொண்டவர். இவர்களுள் எவரும் கொடியவர் அல்லர். அதனாலேயே இவ்வரலாறு நமக்குப் பாடமாகின்றது.

அந்த அறிஞர்கள் பயனுள்ள பணியும் செய்தனர் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. குழாய்களில் நீர் விரைந்தோட உதவும் வேதிப்பொருளைப் பயன்படுத்தும் முயற்சிக்கு அவர்கள் துணை நின்றனர். பொய் எச்சரிக்கைகள் மிகுந்த பகுதிகளுக்கு எத்தனை வண்டிகளை அனுப்பலாம் என்பதையும் ஆராய்ந்தனர். சிக்கல் தோன்றியது வேறிடத்தில். நகருக்குப் பணமுடை வந்தது. நிலையங்கள் சிலவற்றை மூட வேண்டும் என்று மேலிருந்து கட்டளை பிறந்தது. எவற்றை மூடுவது என்ற வினா கணினியிடம் சென்றது.

கணினிக்கு ஓர் அளவுகோல் வேண்டும். தீயினால் எத்தனை பேர் இறக்கின்றனர், எத்தனை குடும்பங்கள் வீடிழக்கின்றன என்பனவற்றை நிலையங்களின் அமைவிடத்தோடு தொடர்புபடுத்திக் கணக்கிடுதல் கடினம். வண்டி தீ நிகழுமிடத்தை அடைய எடுக்கும் நேரத்தை அளத்தல் எளிது. ஆகவே எளிதில் அளக்கக்கூடியதே அளவுகோலாயிற்று. மக்களின் பாதுகாப்பு என்னும் பெரும்பொருளின் இடத்தில் வண்டியின் பயண நேரம் என்னும் சிறுபொருள் வந்தமர்ந்தது. சில வண்டிகளில் நேரங்காட்டிகளைக் கொடுத்துப் பயண நேரம் குறிக்கப்பட்டது. நாளின் எந்த வேளை என்பது பயண வேகத்தைப் பெரிதும் மாற்றவில்லை என்ற முடிவும் பெறப்பட்டது.

இக்கணக்கின் நடுவே ஓர் அழகிய விதி இருந்தது. ஒரு பகுதியில் வண்டி செல்ல வேண்டிய சராசரித் தூரம், அப்பகுதியின் பரப்பை அங்குள்ள வண்டிகளின் தொகையால் வகுத்து வரும் ஈவின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமாகும் என்பதே அவ்விதி. மாணவர் எவரும் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். இரண்டு நிலையங்கள் உள்ள பகுதியில் ஒன்றை மூடினால் சராசரித் தூரம் ஏறத்தாழ 41 சதவீதத்தால் கூடும். அதே பரப்பில் நான்கு நிலையங்கள் இருக்கையில் ஒன்றை மூடினால் கூடுதல் ஏறத்தாழ 15 சதவீதமே. எனவே நிலையங்கள் நெருங்கியிருக்கும் இடத்தில் ஒன்றை மூடுவதே 'குறைந்த இழப்பு' என்று கணக்குக் கூறிற்று.

கணிதத்தில் தவறில்லை. ஆனால் அங்கு நான்கு நிலையங்கள் ஏன் இருந்தன என்ற வினா கணக்கினுள் நுழையவில்லை. பழைய மரவேலைப்பாடுகளைக் கொண்ட நெருக்கமான மாடி வீடுகளில் ஏழை மக்கள் வாழ்ந்தமையாலும், அங்கே தீ அடிக்கடி மூண்டமையாலுமே அந்நிலையங்கள் அங்கு தோன்றின. நாள் முழுவதும் ஒரு தீயிலிருந்து மறு தீக்கு ஓடிய படையினர் அவற்றில் இருந்தனர். தென் பிரொங்ஸின் 82ஆம் இலக்க வண்டியிற் பணியாற்றிய டெனிஸ் ஸ்மித் 1972இல் வெளியிட்ட நூல் அவ்வாழ்வைப் பதிவுசெய்து பெரும் வாசகரைப் பெற்றது. நிலையங்களின் இடத்தை மதிப்பிட்ட கணக்கோ, அருகிலுள்ள வண்டி எப்பொழுதும் நிலையத்தில் ஆயத்தமாய் நிற்கும் என்று கொண்டது. மூன்று வண்டிகளும் மூன்று தீயிடங்களில் நிற்கும்போது நான்காம் தீக்கு யார் வருவார்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முதுமொழி. இங்கே ஏட்டுத் தீயணைப்பு வண்டி எரியும் வீட்டுக்கு உதவவில்லை.

இன்னொன்றும் நிகழ்ந்தது. செல்வாக்குள்ளோர் வாழும் பகுதியின் நிலையத்தை மூடலாம் என்று கணக்குக் கூறியபோது அக்கணக்கு ஒதுக்கிவைக்கப்பட்டது என்று, இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 2010இல் நூலாக்கிய ஜோ ஃபிளட் காட்டுகின்றார். ஏழைப் பகுதியைப் பற்றிக் கணக்குக் கூறியதோ அறிவியலின் தீர்ப்பாக ஏற்கப்பட்டது. வல்லார் முன்னிலையில் ஆலோசனையாக இருப்பது, வலியற்றார் முன்னிலையிற் கட்டளையாகின்றது. கணினி அரசியலை அகற்றவில்லை, அரசியலுக்கு முகமூடியாயிற்று.

தென் பிரொங்ஸ் எரிந்ததற்குத் தீயணைப்புக் குறைப்பு ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. பிற பொருளாதாரக் காரணங்கள் அழுத்தமானவை. தொழிற்சாலைகள் வெளியேறின, வங்கிகள் கடனை நிறுத்தின, 1960களின் கிளர்ச்சிகளுக்குப்பின் 1968இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழி வந்த காப்புறுதித் திட்டங்கள் சிதைந்த கட்டடங்களுக்கும் காப்பு அளித்தன. வாடகையிலும் காப்புறுதிப் பணத்தில் ஆதாயம் மிகுதி என்று கண்ட வீட்டுச் சொந்தக்காரர் பலர், தம் கட்டடம் எரிவதில் நட்டமில்லை என்று உணர்ந்தனர். கூலிக்கு ஆள் வைத்துக் கொளுத்தியோரும் உண்டு. எரிய வேண்டும் என்ற பொருளாதார உந்துதல் பெருகிய அதே காலத்திலேயே, அணைக்கும் ஆற்றல் கணக்கின் பெயரால் குறைக்கப்பட்டது. இவ்விரண்டின் சந்திப்பே பேரழிவு.

அவ்வழிவின் அளவை எண்களே கூறட்டும். 1970இல் பிரொங்ஸின் குடித்தொகை 14,71,701, 1980இல் 11,68,972. பத்தாண்டில் மூன்று இலட்சம் மக்கள் குறைந்தனர். குடித்தொகை மதிப்பீட்டு வட்டாரங்களுள் ஏழு, தம் கட்டடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேற்பட்டவற்றைத் தீயாலும் கைவிடப்பட்டமையாலும் இழந்தன. 44 வட்டாரங்கள் பாதிக்கு மேல் இழந்தன. 1977 ஒக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் ஷார்லட் வீதிக்குச் சென்றபோது அவர் கண்டது போரில் அழிந்த நகரை ஒத்த வெளி. அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் போட்டோ ரிக்கோவிலிருந்து வந்தோரும் கறுப்பின மக்களும் ஆவர்.

இவ்வழிவை ஆட்சியாளர் எவ்வாறு விளக்கினர் என்பதும் நோக்கத்தக்கது. நிக்சனின் ஆலோசகர் டானியல் மொய்னிகன் 1970 ஜனவரியில் எழுதிய குறிப்பில், நியூ யோர்க்கின் தீ பற்றிய றான்ட் ஆய்வுகளைத் துணைக்கொண்டு, தீயைச் சேரி மக்களின் சமூக நோய்க்கு அடையாளமாகக் காட்டினார். இனப் பிரச்சினைக்குச் சிறிது காலம் 'நல்லெண்ணப் புறக்கணிப்பு' நன்று என்ற கருத்தும் அதே குறிப்பில் இடம்பெற்றது. நகரின் வீடமைப்புப் பொறுப்பை வகித்த றொஜர் ஸ்டார் 1976இல் 'திட்டமிட்ட சுருக்கம்' என்ற கொள்கையை வெளிப்படையாகவே முன்வைத்தார். நலியும் பகுதிகளிலிருந்து பொதுச் சேவைகளைப் பின்வாங்கினால் மக்கள் தாமாகவே வெளியேறுவர் என்பது அதன் சாரம். முன்பு நாம் கண்ட வட்டம் இங்கே முழுமையடைகின்றது. சேவையைக் குறைத்தனர், பகுதி அழிந்தது, அழிந்ததால் சேவை வேண்டியதில்லை என்றனர்.

மக்கள் இதனை வாய்மூடி ஏற்றுக்கொண்டனர் என்று எண்ணலாகாது. புறூக்ளினின் நோத்சைட் பகுதியிற் போலந்துத் தொழிலாளர் குடும்பங்கள் மிகுதி. அங்கிருந்த 212ஆம் இலக்க நிலையம் 1975 நவம்பரில் மூடப்பட்டபோது, அயலார் திரண்டு சென்று நிலையத்தை வண்டியோடு கைப்பற்றினர். அதற்கு 'மக்கள் தீயணைப்பு நிலையம்' என்று பெயரிட்டு, முறைவைத்து அங்கேயே உண்டு உறங்கி, ஓராண்டுக்கு மேலாகப் போராடினர். தம் பகுதியின் தீ விபத்துக்களைத் தாமே பதிவுசெய்து நகரசபையின் எண்களுக்கு எதிராக வைத்தனர். 1977இல் நகரசபை இறங்கி வந்தது. பின்னர் 2003இல் வேறொரு சிக்கன அலையில் அந்நிலையம் மீண்டும் மூடப்பட்டது உண்மையே. எனினும் எண்ணுக்கு எதிராக மக்கள் எண்ணை வைக்கலாம் என்பதை அவர்கள் நிறுவினர். றொட்றிக் வலஸ், டெபொறா வலஸ் என்னும் ஆய்வாளர் இருவரும் றான்டின் கணக்கை வரிவரியாகத் திறந்து அதன் குறைகளைச் சுட்டிக்காட்டினர்.

கணக்கைத் திறக்க முடிந்தது என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். அக்காலத்து மாதிரியுருக்கள் தாளில் எழுதக்கூடிய சமன்பாடுகள். டக்ளஸ் லீ 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பெரும் நகர மாதிரியுருக்களின் ஏழு குற்றங்களைப் பட்டியலிட்டு அவற்றுக்கு இரங்கற்பா பாடினார். ஜே ஃபொறெஸ்ரர் 1969இல் ஆக்கிய நகர மாதிரியுரு, ஏழைகளுக்கு மலிவு வீடு கட்டுவது நகருக்குத் தீங்கு என்று முடிவுகூறியபோது, அதனுள் புறநகரே இல்லை என்பதைக் கண்டறிந்து வாதிட அறிஞரால் முடிந்தது. சமன்பாட்டோடு சண்டையிடலாம்.

இன்றைய செயற்கை நுண்ணறிவின் நிலை வேறு. அதற்கு விதியை எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. கடந்தகாலத் தரவுகளைக் குவித்துக் கொடுத்தால் அது தானே தொடர்புகளைக் கண்டு, இலட்சக்கணக்கான எண்களாகத் தன்னுள் பதித்துக்கொள்கின்றது. அதனைத் திறந்து பார்த்தாலும் ஏன் இந்த முடிவு என்பதற்கு மனிதன் விளங்கும் விடை அங்கில்லை. அன்றியும் அது பெரும்பாலும் தனியார் நிறுவனத்தின் வணிக இரகசியம். இனத்தைக் கேட்காதே என்று அதற்குக் கட்டளையிடலாம். ஆனால் வீட்டு விலையும் கடன் வரலாறும் கொடுக்கப்பட்டால், 1930களின் சிவப்பு நிறத்தை அது படமில்லாமலே கற்றுக்கொள்ளும். நேற்றைய அநீதி இன்று தரவு என்று பெயர் பெறுகின்றது. நாளை அது விதியாகின்றது.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் சில இதனை உறுதிசெய்கின்றன. பொஸ்ரன் நகரில் 2012இல், வண்டியிற் செல்வோரின் கைத்தொலைபேசியே வீதிக் குழிகளை உணர்ந்து நகரசபைக்கு அறிவிக்கும் செயலி அறிமுகமாயிற்று. கைத்தொலைபேசியும் வண்டியும் உடையோர் வாழும் தெருக்களின் குழிகளே அதற்குத் தெரியும். முதியோரும் ஏழைகளும் நடக்கும் தெருக்கள் குழியற்றனவாய்த் தோன்றும். இதனை உணர்ந்த நகரசபை முதலில் தன் வீதிப் பரிசோதகரிடமே செயலியைக் கொடுத்தது பாராட்டத்தக்கது. நெதர்லாந்து அரசோ மானிய மோசடியைக் கண்டறியும் 'சிறி' என்னும் கணினி அமைப்பை ரொட்டர்டாம் முதலிய நகரங்களின் ஏழைக் குடியிருப்புகள்மீது ஏவியது. அது எவ்வாறு கணிக்கின்றது என்பதை வெளியிட மறுத்தது. சிவில் உரிமை அமைப்புகளும் தொழிற்சங்கமும் வழக்காடின. 2020 பெப்ரவரியில் ஹேக் நீதிமன்றம், போதிய வெளிப்படைத்தன்மையற்ற அவ்வேற்பாடு மனித உரிமைக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது.

ரொறன்ரோவின் ஏரிக்கரையில் 12 ஏக்கர் நிலத்தை உணர்கருவிகள் நிறைந்த நகராக்கக் கூகிளின் உடன்பிறப்பு நிறுவனமாகிய சைட்வோக் லாப்ஸ் 2017இல் முன்வந்தது. மக்களின் நடமாட்டத் தரவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. திட்டத்துக்கு அந்தரங்கப் பாதுகாப்பு ஆலோசகராயிருந்த ஆன் கவூக்கியன் 2018இல் பதவி விலகினார். நகரமக்கள் அமைப்பாகத் திரண்டு எதிர்த்தனர். 2020 மே மாதத்தில் பொருளாதார நிச்சயமின்மையைக் காரணங்காட்டி நிறுவனம் வெளியேறிற்று. கேட்கும் உரிமையும் நீதிமன்றமும் அமைப்பாகத் திரளும் சுதந்திரமும் இருந்த இடங்களில் இவை நிகழ்ந்தன. அவை நலிந்த நாடுகளில் என்ன நிகழும் என்பதே நம்மை உறுத்த வேண்டிய கேள்வி.

நம் பகுதியின் வரலாற்றில் இதற்கு மாறான ஒரு முறையும் உண்டு. ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் 1914இல் சென்னை ஆளுநரின் அழைப்பில் வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. இழந்ததை மீண்டும் திரட்டி 1915இல் சென்னையிற் காட்சிப்படுத்தினார். மதுரை, தஞ்சாவூர் முதலிய நகரங்களின் தெருக்களில் நடந்தார். வீடுகளையும் கிணறுகளையும் மரங்களையும் பார்த்தார். நேர்கோட்டு வீதிக்காகக் குடியிருப்புகளைத் தரைமட்டமாக்கும் பொறியியலாளரின் திட்டங்களை எதிர்த்து, சிறுசிறு திருத்தங்களே செலவிலும் துயரிலும் குறைந்தவை என்று வாதிட்டார். 1921இல் கொழும்புக்கும் அவர் திட்ட அறிக்கை எழுதினார். அவர் குடியேற்ற ஆட்சியின் ஊழியத்தில் இருந்தவர் என்பதை மறக்கலாகாது. எனினும் மருந்துக்கு முன் நோயறிதல், நோயறிதற்கு நோயாளியிடம் செல்லுதல் என்ற அவரது நெறி இன்னும் பழுதுபடவில்லை.

கொழும்பு அந்நெறியை எவ்வளவு பின்பற்றிற்று? 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. கொம்பனித்தெரு முதல் நகரெங்குமுள்ள தோட்டங்களிலும் முடுக்குகளிலும் வாழ்ந்த ஏறத்தாழ 70,000 குடும்பங்கள் குறைவசதிக் குடியிருப்பினர் என்று கணக்கிடப்பட்டன. அவர்களைத் தொடர்மாடிகளுக்குப் பெயர்த்து, நிலத்தை முதலீட்டுக்கு விடுவிப்பது திட்டம். பல தலைமுறையாகத் தாமே கட்டிய கல்வீட்டில் வாழ்ந்தோரும், ஒழுகும் பலகைக் குடிசையில் வாழ்ந்தோரும் ஒரே பெயரின்கீழ் அடங்கினர். வாசலில் அப்பம் சுட்டு விற்ற பெண் பத்தாம் மாடியில் எங்கே விற்பாள் என்பதற்கு அப்பட்டியலில் நிரல் இல்லை. இதற்குச் செயற்கை நுண்ணறிவு தேவைப்படவில்லை, பட்டியலே போதுமாயிருந்தது. நாளை அதே பட்டியல் இயந்திரத்துக்குப் பாடநூலாகக் கொடுக்கப்பட்டால், அவ்வியந்திரம் கூறப்போகும் விடையை இன்றே எழுதிவிடலாம்.

இயந்திரத்தை உடைத்தல் நம் நோக்கமன்று. வெள்ளம் எங்கே தேங்கும், பேருந்துக்காக எந்தக் கிராமம் காத்து நிற்கின்றது என்பதைக் கணினி விரைந்து கூறுமாயின் அது உழைக்கும் மக்களுக்கு நன்மையே. நாம் கேட்பன மூன்று. எதனை அளப்பது என்பதை, அவ்வளவையால் பாதிக்கப்படுவோரும் இருந்து தீர்மானித்தல் வேண்டும். பொது மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் கணக்கு எதுவும் வணிக இரகசியமாய் இருத்தலாகாது. அம்ஸ்ரடாமும் ஹெல்சின்கியும் 2020இல் தம் நகரக் கணினி முறைகளுக்குப் பொதுப் பதிவேடு திறந்தமை இது இயலும் என்பதைக் காட்டுகின்றது. கணக்கின் முடிவை மறுக்கும் உரிமையும், மறுப்புக்குப் பதில் சொல்லும் பொறுப்புடைய மனிதரும் இருத்தல் வேண்டும். 'கணினி அவ்வாறு கூறிற்று' என்பது பதிலாகாது.

ஆசிரியர்கள் வகுப்பறையில் வர்க்கமூலத்தைக் கற்பிக்கும்போது, நான்கு நிலையங்களிலிருந்து ஒன்று கழிந்த கதையையும் மாணவர்க்குச் சொல்லலாம். 15 சதவீதம் என்ற விடை சரியானது என்று காட்டிய பின்னர், அந்த நான்கு நிலையங்களும் அங்கே ஏன் இருந்தன என்று அவர்களைக் கேட்க வேண்டும். அக்கேள்வியைக் கேட்கப் பழகிய தலைமுறையை எந்த எண்ணும் எளிதில் ஏமாற்றிவிடாது.